மூன்றாவது குழாயைக் காத்த மாப்பிள்ளைக்கு

என் மாப்பிள்ளை முத்துக்குட்டி,

நீ போன பிறகும் உன்னிடம் பேசாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இட்லி அண்டாவைத் தலையில் ஏற்றும்போதும் பேசுகிறேன், மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் சட்னி ஊற்றும்போதும் பேசுகிறேன். வாங்க வந்து நிற்கிறவர்கள் நான் போனில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு எழுதத் தெரியாது, அது உனக்குத் தெரியும். நம் சந்தில் டெய்லர் கடை வைத்திருக்கும் ஸ்டீபன் அண்ணாச்சிதான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். "நீரு பேசுத மாதிரியே எழுதினா ஒருத்தனும் படிக்க மாட்டான். நான் கொஞ்சம் சட்ட மாட்டி விடுதேன்" என்றார். சரி என்றேன். ஆட்கள் பேசினதை மட்டும் பேசின மாதிரியே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. முந்திச் சொன்னால் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவாய், உன் குணம் அப்படி. அதனால் முதலில் இருந்து வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது இல்லையா? அவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

என் மகள் தர்ஷினிக்கு நாலு வயது முடிந்திருந்தபோது ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இந்தியில் சொன்னது எனக்குப் பாதிதான் விளங்கியது. உன் அக்காள் இசக்கிக்கு அந்தப் பாதியும் விளங்கவில்லை, அவள் அழுதுகொண்டிருந்தாள். நீதான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்து, வராந்தாவில் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னாய்.

"யக்கா, இது குணமாகுத சீக்குதான். ஆனா மருந்து மொளகாக் கரைசல் மாதிரி. கையில இருக்க பொடி நரம்புல விட்டா நரம்பு வெந்துரும். அதனால பெரிய நரம்புக்குள்ள ஒரு குழாய் விடுவாவ. அது நெஞ்சு வரைக்கும் போய் நிக்கும். ஊசி மருந்து முடியுத மட்டும் அந்தக் குழாய் கெடக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று எவ்வளவு லேசாகச் சொன்னாய். அந்தக் குழாய் கிடக்க வேண்டும் என்பதுதானே அப்புறம் நம் வீட்டின் ஒரே கவலையாகிப் போனது.

முதல் குழாயைக் கையில் போட்டார்கள். முழங்கைக்கு மேலே நுழைந்து தோள் வழியாக உள்ளே போகிற மெல்லிய குழாய். அது மழைக்காலம். தாராவியில் மழைக்காலம் என்றால் சொல்ல வேண்டுமா? நம் வீட்டுச் சுவருக்கே வேர்க்கும். பிள்ளைக்கு வேர்த்து, குழாயின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஒட்டு ஓரம் ஓரமாகத் தூக்கிக்கொண்டது. விக்ரோலியில் இருந்து ஆள், தாணேயில் இருந்து ஆள், வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கையைத் தடவி, முத்தம் கொடுத்து, அழுது, ஆப்பிள் வைத்துவிட்டுப் போனார்கள். சீக்குக்காரப் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களை வராதே என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வருமா?

ஒரு நாள் காலையில் குழாயைக் கழுவ மருந்து விட்ட கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. குழாய்க்குள் கிருமி ஏறிவிட்டது என்று அதை எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் நான் டாக்டரம்மாவிடம் போய், "அடுத்த குழாய்க்கு எத்தனை மாசம் கேரண்டி?" என்று கேட்டேன். நீ பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். அந்த அம்மா கோபிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். பிள்ளை எவ்வளவு சின்னதோ நரம்பும் அவ்வளவு ஒடுக்கம், குழாய் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். குழாயின் நுனி உள்ளே எந்த இடத்தில் நிற்கிறது என்பது ஒன்று. அதற்கு ஒரு வாயா இரண்டு வாயா, எத்தனை தடவை திறக்கிறோம், திறக்கிற கை எப்படிப்பட்ட கை என்பது ஒன்று. உடம்பில் எதிர்க்கிற சக்தி இறங்கிக் கிடக்கிற வாரங்கள் இருக்கின்றன. ரத்தம் உறைந்து அடைக்கலாம், பிள்ளை பிடித்து இழுக்கலாம். ஒரே மாதிரிக் குழாய் ஒரு பிள்ளைக்கு வருஷக் கணக்கில் ஓடும், இன்னொரு பிள்ளைக்கு ஒரு மாசம் தாங்காது என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியில் நீ சொன்னாய், "அத்தான், இது நம்ம சந்துத் தண்ணிக் குழாய் கததான்."

இங்கே அந்தத் தண்ணிக் குழாய்க் கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை. சந்து முனையில் இருக்கிற குழாயில் ஆளாளுக்கு ஒரு ரப்பர் குழாயைச் சொருகி, முறுக்கி, துணி சுற்றி, காலால் மிதித்து, வருஷத்துக்கு இரண்டு தடவை அது உடைந்து தெருவே குளமாகும். மசூதி பக்கத்துக் குழாயோ நாம் மும்பைக்கு வந்த நாளில் இருந்து அப்படியே நிற்கிறது. அதன் சாவி ஒரே பாய் இடுப்பில்தான் இருக்கும். தண்ணீருக்கு நின்ற சண்டையில் ஒரு பொம்பிளை அவர் தாடியைப் பிடித்ததும், அப்போதும் அவர் சாவியைக் கொடுக்காததும் தனிக்கதை. "போதும், குழாய்க்குள்ள வாரும்" என்கிறார் ஸ்டீபன் அண்ணாச்சி.

இரண்டாவது குழாயை வலது நெஞ்சில் போட்டார்கள். ஜெசிந்தா சிஸ்டரை உனக்கு நினைவிருக்கும். செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, நமக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னது அவர்தான். "தோலுக்கு அடியில இந்தக் குழாய் மேல ஒரு சின்னத் துணி வளையம் இருக்கு. சதை வளர்ந்து அதைக் கவ்விப் பிடிக்கணும். அதுக்குச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் லேசா இழுத்தாலும் வந்துடும்" என்றார். கழுத்தில் செயின், கயிறு எதுவும் கூடாது என்றும் சொன்னார்.

அந்தச் சமயம் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. நீ போய்ப் பிள்ளைக்காகத் தாயத்து மந்திரித்து வாங்கி வந்தாய். தீட்டுப் படக்கூடாது என்று ரயிலில் ஒரு டீ கூட வெளியே வாங்கிக் குடிக்காமல், மடியில் முடிந்து கொண்டு வந்தாய். கூடாது என்று சிஸ்டர் சொன்னது நம் மூன்று பேருக்குமே தெரியும். ஆனால் அது செயினுக்குச் சொன்னது, அம்மன் கயிற்றுக்கா சொன்னார்கள் என்று நம் எல்லாருக்கும் ஒரே எண்ணம். நம் ஊர் ஆளாக இருந்தால் யாருக்குத்தான் அந்த எண்ணம் வராது?

ஒரு மத்தியானம் பிள்ளை பாயில் புரண்டு தூங்கினாள். கயிறும் குழாயும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டன. கழுத்தில் அரித்திருக்கிறது, தூக்கத்திலேயே கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டாள். குழாய் பாதிக்கு வெளியே வந்துவிட்டது. நீ துண்டை வைத்து அழுத்திக்கொண்டு பிள்ளையோடு தொண்ணூறு அடி ரோட்டில் ஓடின ஓட்டத்தை அந்தத் தெருக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

சிஸ்டர் முறுக்கைப் பிரித்துக் கயிற்றைக் கழற்றி உன் உள்ளங்கையில் வைத்தார். "சாமிய நான் ஒண்ணும் சொல்லலண்ணா. சாமி எங்க வேணா இருக்கட்டும். குழாய்ப் பக்கத்துல வேண்டாம்."

நீ உள்ளங்கையை மூடிக்கொண்டாய். வெளியே வந்து அந்தக் கயிற்றை உன் கழுத்தில் கட்டிக்கொண்டாய். "கட்டுன கயிற கழத்தித் தூரப் போடக் கூடாது அத்தான். மருமவளுக்குக் கட்டினா என்ன, தாய்மாமனுக்குக் கட்டினா என்ன? அம்மனுக்கு வெலாசம் தெரியும்."

மூன்றாவது குழாய் இடது பக்கம். அதைப் போட்ட அன்றைக்கு டாக்டரம்மா நம்மைக் கூப்பிட்டுச் சொன்னார்: இதைக் காப்பாற்றுங்கள். இதுவும் போனால் வேறு இடம் தேடலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் மருந்து தள்ளிப் போகிறது. நாம் தள்ளிப் போட்டால் நோய் முந்திக்கொள்ளும்.

அன்றிலிருந்து மசூதிப் பாய் மாதிரி நீதான் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாய். இசக்கியும் வேண்டாம், நானும் வேண்டாம், வீட்டில் இந்தக் குழாயைத் திறக்கிறது உன் கை மட்டும் என்று சிஸ்டரிடம் சொல்லி முறையாகக் கற்றுக்கொண்டாய். தோல் பை தைக்கிற கை, நகத்தில் எப்போதும் பசை இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டினாய். பிள்ளையின் பனியனுக்கு உள்பக்கம் ஒரு பை தைத்து, குழாயைச் சுருட்டி அதில் படுக்க வைத்தாய். லோக்கல் டிரெயினில் கேன்சர்காரர்கள் ஏறுகிற பெட்டியில்கூட, கூட்டம் வந்தால் பிள்ளையைச் சுவர் பக்கம் விட்டு நீ வேலி மாதிரி நிற்பாய்.

குழாயின் மூடியை மருந்துப் பஞ்சால் தேய்க்க வேண்டும், அவசரப்படக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நீ அதற்கு ஸ்டேஷன் பேர் சொல்லித் தேய்ப்பாய். தாதரில் ஆரம்பித்தால் தாணே வரும்வரை தேய்க்க வேண்டும். ஒரு நாள் வேலைக்கு நேரமாகிறது என்று குர்லாவில் இருந்து நேரே தாணேக்குத் தாவினாய்.

"மாமா, இது ஸ்லோ வண்டி. எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கணும்" என்றாள் பிள்ளை.

"ஏளா, நீ டிக்கெட்டே எடுக்கல, ஒனக்கு இவ்வளவு சட்டமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தாதருக்கே போனாய்.

பார்க்க வருகிறவர்களுக்கு வாசலில் சோப்போடு நீ நின்றதுதான் பெரிய வேடிக்கை. தாணேயில் இருந்து உன் பெரியப்பா வந்தார்.

"ஏல, ஒன்னத் தூக்கி வளத்தவன் நான். எனக்கே கை கழுவச் சொல்லுதியோ?"

"தூக்கி வளத்தவரா இருக்கதாலதான் பெரியப்பா சோப்பு. இல்லன்னா வாசலோட அனுப்பிருப்பேன். பிள்ளைக்கு முத்தம் குடுக்கணும்னா இந்தா, என் கன்னம் சும்மாத்தான் கெடக்கு."

மனுஷர் முறைத்துக்கொண்டே கையைக் கழுவினார். குழாய் நின்றது, மாப்பிள்ளை. மழை வந்தது, போனது, கணபதி கூட்டம் வந்தது, போனது. குழாய் நின்றது.

நீதான் நிற்கவில்லை.

மத்தியானம் பட்டறையில் தையல் மிஷின் மேல் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்று ஆள் வந்து சொன்னான். சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு வாரமாகத் தோள் கடுக்கிறது, வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருந்தாய் என்று பட்டறைப் பையன்கள் பிறகு சொன்னார்கள். எங்களிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நாம்தான் வாரா வாரம் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தோமே. பிள்ளைக்குக் காய்ச்சல் லேசாக அடித்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், உன் நெஞ்சை மட்டும் யாரை நம்பி விட்டுவிட்டாய்?

சயான் சுடுகாட்டில் உன் உடம்பில் கிடந்த கயிறுகளை அறுத்தபோது அந்தத் தாயத்துக் கயிறு வந்தது. உன் பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, "இது பிள்ளைக்குக் கட்டுன கயிறுல்லா? அப்பம் பிள்ளைக்கு வந்தத இவன் வாங்கிக்கிட்டான்" என்றார். ஆம்பிளைகள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாங்கள் குளித்துவிட்டு வீடு வருவதற்குள் அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் சந்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

அதன் பிறகு இசக்கி பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், சோறு ஊட்டுவாள். பனியனைக் கழற்றும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "என் தம்பிய முழுங்கின குழாய். நான் தொட மாட்டேன்" என்றாள். அவளை நான் என்ன சொல்ல முடியும்? கூடப் பிறந்தவள். பிள்ளையும் பேச்சை நிறுத்திவிட்டாள். கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். நான் சிஸ்டரிடம் போய், இனிமேல் என் கை என்றேன்.

முதல் தடவையே சோதனை. ஊசி மருந்து ஏற்ற வேண்டிய நாள். குழாயில் இழுத்துப் பார்த்தால் ரத்தம் திரும்பி வரவில்லை. ரத்தம் வராமல் மருந்து விடக் கூடாது, பலமாகத் தள்ளவும் கூடாது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் முயற்சி செய்யுங்கள், இல்லையென்றால் படம் எடுத்து அடைப்புக் கரைக்கிற மருந்து விடலாம், அதற்கும் திறக்காவிட்டால் குழாயை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டுப் போனார். இசக்கி கதவருகிலேயே நின்றாள்.

"தர்ஷு, கையத் தூக்கும்மா. நல்லா இருமு. மூச்ச இழு" என்று சிஸ்டர் கெஞ்சினார். பிள்ளை கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "சரி, மூடிய மறுபடி துடைச்சிட்டு இன்னொரு தடவ பாப்போம். நீங்க துடைங்கண்ணா, அவளுக்குப் பழகின மாதிரி" என்று பஞ்சை என் கையில் கொடுத்தார்.

நான் தேய்க்க ஆரம்பித்தேன். வாய் தானாக உன் பாட்டுக்குப் போனது. தாதர், மாட்டுங்கா, சயான், குர்லா, காட்கோபர். நான் நடக்கிறவன், மாப்பிள்ளை. அண்டாவோடு நடந்து பிழைக்கிறவனுக்கு டிரெயின் எங்கே எங்கே நிற்கும் என்று என்ன தெரியும்?

"வித்யாவிகார் எங்கப்பா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "குர்லாவுக்கு அப்புறம் வித்யாவிகார். அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியல. மொதல்ல இருந்து வாங்க." மூச்சை இழுத்து இழுத்து என்னைத் திட்டுகிறாள். நான் தாதருக்கே திரும்பி, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று தாணே வரை தேய்த்தேன். சிஸ்டர் ஊசிக்குழலை மாட்டி மெதுவாக இழுத்தார். சிவப்பாக வந்தது.

குழாய் நுனி உள்ளே நரம்புச் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கும், எழுந்து உட்கார்ந்து கத்தினதில் விலகிவிட்டது என்றார் சிஸ்டர்.

திரும்பி வருகிற டாக்ஸியில் இசக்கி வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அடுத்த வாட்டி நான் தொடைக்கேன். ஒங்களுக்கு ஸ்டேஷன் தெரியாது."

அப்புறம் அவள்தான் பார்த்தாள். உன்னைவிடக் கெட்டி. உன் பெரியப்பாவை இரண்டு தடவை கை கழுவ வைத்தாள்.

இப்போது செய்தி. பலமான ஊசி மருந்து எல்லாம் முடிந்துவிட்டது. இனி மாத்திரைதான், அது நெடுநாள் போகும், போகட்டும். போன வாரம் குழாயை எடுத்துவிட்டார்கள். கெட்டுப்போய் எடுக்கவில்லை, மாப்பிள்ளை. வேலை முடிந்து எடுத்தார்கள். இது மட்டும் ஏன் நின்றது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இடது பக்கமா, சதை நன்றாகக் கவ்வினதா, ஒரே கை திறந்ததா, பிள்ளைக்கு வயது கொஞ்சம் ஏறினதா, அதிர்ஷ்டமா, எல்லாம் சேர்ந்துதான், எது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது என்றார். இவ்வளவு படித்தவர் முடியாது என்று சொன்னது எனக்கு மரியாதையாக இருந்தது.

உன் பெரியப்பாவுக்குப் பிரித்துச் சொல்ல முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை தேங்காய் பழத்தோடு வந்தார். பிள்ளையை மடியில் இருத்தி, தலையைத் தடவி, "ஒனக்குள்ள ஓடுதது ஒன் மாமன் உசிரு தாயி. அவன் செத்துல்லா ஒன்னக் காப்பாத்தினான்" என்றார். ஆசையில்தான் சொன்னார். கிழவர் கண்ணில் தண்ணீர்.

மறுநாள் நான் உளுந்து கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அப்பா, என்னாலயா மாமா செத்தாவ?"

"இல்லம்மா. மாமா நெஞ்சுக்கு ரத்தம் போற பாத அடச்சிட்டு."

"என் குழாய் அடச்ச மாதிரியா?"

"ஆமா, அந்த மாதிரிதான்."

கொஞ்ச நேரம் உளுந்துத் தோலை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"அப்பம் மாமா கத்திருக்கலாம்லா? கத்திருந்தா தெறந்திருக்கும்லா?"

நீ இருந்தால் ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைத்திருப்பாய். நான் ஈரக் கையோடு அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன், மாப்பிள்ளை.

சாயங்காலம் நான் தாணேக்குப் போய் உன் பெரியப்பாவைப் பார்த்தேன். சண்டை போடவில்லை. "மாமா, முத்துக்குட்டி பிள்ளைய நல்லாப் பாத்துக்கிட்டான். அப்புறம் அவனுக்கு நோவு வந்துச்சு, ஒருத்தர்ட்டயும் சொல்லல, செத்துட்டான். இது ரெண்டும் வேற வேற. பிள்ள காதுல சேத்துச் சொல்லாதிய. அவ எத்தன வருசம் அதச் சொமக்கணும்?" என்றேன். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "எனக்கு அப்படி நெனச்சாத்தாம்ல ஒறக்கம் வருது" என்றார். நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள், அவளிடம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு வாக்குத் தருகிறேன், முத்துக்குட்டி. உன் சாவைக் கடனாக அவள் தலையில் யாரும் ஏற்ற விடமாட்டேன். உன் ஞாபகம் வந்தால் அவள் ஸ்டேஷன் பேர் சொல்லிச் சிரிக்கட்டும். இன்னொன்று. இந்த வீட்டில் இனி யாருக்கு எங்கே வலித்தாலும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்று பிள்ளை சட்டம் போட்டிருக்கிறாள். நேற்று எனக்கு முழங்கால் கடுத்தது. வாசலில் நின்று, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். இனியும் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அக்காளைக் கட்டிய நாளில் இருந்து உன்னிடம் வாய் கொடுத்துத் தோற்றுக்கொண்டே இருக்கும்
அத்தான் சுடலைமுத்து